மாடிக்கும் கீழ்வீட்டுக்கும்

அப்பாவின் சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் கொஞ்ச நாளாக ஒரு பென்டிரைவ் இருக்கிறது. மாடி அறையில் அவருடைய பழைய கணினி. கீழே கூடத்தில் என் லேப்டாப். நடுவே பதினேழு படி. நாலு படத்தைக் காட்டுவதற்கு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு வழி பண்ணாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீடு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வருகிற சாலைக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிறது. அப்பா 2004-ல் டிஜிட்டல் கேமரா வாங்கினார். அன்றிலிருந்து, அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நாளன்று அவர் வீட்டில் இருந்ததில்லை. தோப்பறையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், சர்க்கரைச் செம்போடு நிற்கிற பெண்கள், பெருமாள் கோயில் பக்கம் விடிய விடியக் காத்துக் கிடக்கிற கிராமத்து ஜனங்கள். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். எல்லாம் சேர்த்து 60 ஜிபி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி முகங்கள் மங்கிப்போகின்றன. இணையத்தில் ஏற்றி இறக்கலாம் என்றால், மாடியிலிருந்து கூடத்துக்கு வரவேண்டிய படம் எங்கோ இருக்கும் கிட்டங்கி வரை போய்த் திரும்ப வேண்டும்.

“ஏப்பா, ரெண்டு மிஷினும் ஒரே வீட்லதான இருக்கு? இது வெச்சிருக்குறது அதுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?” என்றார் அப்பா. நான் அன்று முழுக்க விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் வழக்கமாகப் போகிற கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். “அண்ணே, ஃபயர்வாலை ஆஃப் பண்ணிருங்க. எஸ்எம்பி ஒன்னுன்னு இருக்கும், அதை டிக் பண்ணுங்க. ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் குடுத்துருங்க. ஓடிரும்ணே.” நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் வைத்தியம். நான் அதைச் செய்யவில்லை, யாரும் செய்யக் கூடாது என்றும் சொல்வேன்.

எஸ்எம்பி என்பது ஒரு கணினி இன்னொன்றிடம் கோப்பு கேட்கப் பேசுகிற மொழி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. அதன் முதல் பதிப்பைத்தான் தம்பி திறக்கச் சொன்னார். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் நுழைந்தது அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக. யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. ஓட்டையை அடைக்கும் ஒட்டு அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது; போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு முதல் இந்தப் பழைய பதிப்பை விண்டோஸிலிருந்து படிப்படியாகக் கழற்றி வருகிறார்கள். கழற்றியதை நாமே தேடிப் பிடித்து மாட்டுவானேன்? அதோடு, லேப்டாப் வீட்டோடு கிடக்கிற பொருள் இல்லை. இங்கே அணைத்த ஃபயர்வால், நாளைக்கு ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலும் அணைந்தேதான் இருக்கும்.

அதனால் அடியிலிருந்து ஆரம்பித்தேன். முதல் கேள்வி, இரண்டு கணினிக்கும் நடுவே பாதை இருக்கிறதா என்பது. இரண்டிலும் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினேன். கீழே 192.168.1.7. மாடியில் 192.168.0.102. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 1, மற்றதில் 0. ஒரே வீடு, ஆனால் இரண்டு தெரு.

காரணம் மாடி அலமாரி மேல் இருந்தது. கீழே இருக்கிற ஃபைபர் மோடத்தின் சிக்னல் மாடிக்கு எட்டவில்லை என்று போன வருஷம் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு வயரை இழுத்து அதில் செருகியிருந்தோம். செருகியது வான் என்று எழுதிய, தனி நிறத்தில் இருக்கும் துளையில். அப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் தனக்கென்று ஒரு தெருவை உண்டாக்கி, தானே கதவிலக்கம் கொடுக்கத் தொடங்கிவிடும். மாடியிலிருந்து இணையம் நன்றாக வரும், யூடியூப் ஓடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கீழேயிருந்து யார் கதவைத் தட்டினாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். இன்று மாடிவீடு உள்ள பல குடும்பங்களில் இரண்டு ரவுட்டர் இருக்கிறது. பகிர்வு வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்ற நிலைக்கு மாற்றி, அணைத்துப் போட்டேன். அப்பாவின் கணினிக்கு 192.168.1.14 என்று வந்தது. ஒரே தெரு.

அப்படியும் கீழேயிருந்து அவர் கணினி திறக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால், அந்த இணைப்பு ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தது. பப்ளிக் என்றால், பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கணினி யாருக்கும் முகம் காட்டாது. புதிய இணைப்பு வந்ததும் மற்றவர் கண்ணில் படலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. அப்பா நோ அழுத்தியிருக்கிறார். “புரியாத கேள்வி வந்தா நோன்னு அழுத்துங்கன்னு நீதானப்பா சொன்ன?” சொன்னேன்தான், அவர் செய்ததும் சரிதான். பிரைவேட் என்று மாற்றினேன். ஃபயர்வால் அப்படியே இருந்தது. பிரைவேட் என்றதும் வீட்டுக்குள் வேண்டிய அளவுக்கு மட்டும் அது வழிவிட்டது.

நெட்வொர்க் பட்டியலில் அப்பாவின் கணினிப் பெயர் அப்போதும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். பெயர் தெரியாததற்கும் வழி இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்த எண்ணையே அடித்தேன். உடனே யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டது. கதவு வரை வந்துவிட்டோம், இனி சாவிதான்.

அப்பாவின் கணக்கில் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் எதிரே உட்கார்ந்து திறக்க விடும், நெட்வொர்க் வழியே விடாது. நாலு இலக்க பின் போட்டுப் பழகியவர்களுக்கும் இங்கே தடுக்கும். அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். மாடியில் ‘வீடு’ என்று தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, பாஸ்வேர்டு வைத்து, படங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன். அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது, பகிர்வில் ஒன்று, செக்யூரிட்டியில் ஒன்று. இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் நிற்கும்.

திறந்தது. சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். அவள் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உண்டு. லினக்ஸிலிருந்தே அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். அதற்குக் காரணமானவர் ஆண்ட்ரூ டிரிட்ஜல். 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் மாணவராக இருந்தபோது, வயரில் போகிற செய்திகளைக் கவனித்துக் கவனித்தே அந்த எஸ்எம்பி மொழியைப் புரிந்துகொண்டு, அதைப் பேசும் ஒரு நிரலை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பிறகு பெயர் வைக்க எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லைக் கணினியின் சொற்பட்டியலில் தேடியிருக்கிறார். கிடைத்தது சாம்பா. எங்கோ ஒருவர் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டதால், தல்லாகுளத்தில் ஒரு பெண் தாத்தா எடுத்த படத்தைப் பார்க்கிறாள். எனக்கு அது மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

நொடிக்கு 6 எம்பி வேகத்தில் நகல் ஏறியது. மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் மாடிக் கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை நெவர் என்று வைத்தேன். அப்படியும் அப்பா நம்பவில்லை. நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முடிந்ததும் ஃபோல்டர்களை எண்ணினேன். 2004 முதல் 2025 வரை 22 இருக்க வேண்டும். 20 தான் இருந்தது. 2020, 2021 இரண்டும் இல்லை. அனுமதியில் விட்டுப்போயிருக்குமோ, நடுவே ஸ்கிப் அழுத்தியிருப்பேனோ என்று செக்யூரிட்டிப் பக்கத்தை மறுபடி திறந்து வரிவரியாகப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கீழேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டேன்.

மாடியிலிருந்து பதில் வந்தது. “அது கொரோனா வருஷம்ப்பா. அந்த ரெண்டு வருஷமும் அழகர் ஊருக்குள்ள வரலையே.”