கழகத்துக்கு ஆள் வேண்டும்



இரயுமன்துறை முதல் நீரோடி வரை நம் எட்டு ஊர்களிலும் கால்பந்து என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணிக்கு ஆடியபோது இந்தக் கடற்கரையே கொண்டாடியது. ஆனால் பிள்ளைகளை அன்றாடம் மைதானத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்களைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

நம் கால்பந்துக் கழகத்தில் சம்பளம் வாங்குபவர் எவரும் இல்லை. நாலைந்து குடும்பங்கள் தோள்கொடுத்துத்தான் அது ஓடுகிறது. அப்பாமார் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை எல்லாமே அம்மாமாரும் தாத்தாமாரும்தான். காலைப் பயிற்சி முடியும் நேரத்துக்கு ஓர் அம்மாவின் வீட்டிலிருந்து அவித்த முட்டையும் சுண்டலும் வந்துவிடும். அதை அனுப்பிவிட்டுத்தான் அந்த அம்மா மீன் விற்கக் கிளம்புவார். கோல் வலை கிழிந்தால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர் வலை ஊசியும் நைலான் நூலுமாகக் கம்பத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பின்னி முடிப்பார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள இரண்டு இளைஞர்கள் வேண்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது தகப்பனை இழந்த பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலமானால் வாசலுக்கே போய் அவர்களைக் கூட்டிவந்தவை இந்தக் குடும்பங்கள்தான். கழகம் வாங்கிய கோப்பைகள் எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதுதான் பெரிது.

ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருக்கிறீர்கள். கடல் சீறி மைதானத்தின் ஓரத்தை அரிப்பதும் அதே மாதங்களில்தான். மணல்மூட்டை அடுக்க அப்போது வாருங்கள். பெண்பிள்ளைகளின் பயிற்சி நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. கூட நிற்கப் பெண்கள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை. வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு சகோதரிகள் வந்தால் போதும், அது தொடரும். வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

பணம் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட மனமுவந்து அனுப்புகிறீர்கள், நன்றி. எங்களுக்கு வேண்டியது உங்கள் நேரம்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஒரு நோட்டு வைத்திருப்போம். உங்கள் பெயரையும், எந்த வேலை, எந்த நாள் என்பதையும் எழுதுங்கள். கடலில் இருப்பவர்களுக்காக வீட்டில் உள்ளவர்கள் எழுதலாம். கரைசேர்ந்த பிறகு வந்தால் போதும்.

இப்படிக்கு,
கழகப் பெற்றோர்