கடற்கரைச் சாலைக்கும் வேக சார்ஜர் வேண்டும்



980 மின்வாகன வேக சார்ஜிங் நிலையங்களை மேம்படுத்த, மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2024-ல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 73.50 கோடி ரூபாய் அனுமதித்தது. இத்தகைய முயற்சிகள் பெருநகரங்களோடும் நான்குவழிச் சாலைகளோடும் நின்றுவிடக் கூடாது. திருச்செந்தூரிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலைக்கும் வர வேண்டும். உவரியின் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் அந்தோணியார் திருத்தலத்துக்கும் வெளியூர்க் குடும்பங்கள் கார்களிலும் வேன்களிலும் வந்தபடி இருக்கின்றன.

15 கிலோவாட் சார்ஜரில் 30 யூனிட் பேட்டரி நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 60 கிலோவாட் என்றால், சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் 80 சதவீதம் ஏறிவிடும். ஆனால் சார்ஜர் பெட்டியை மட்டும் வைத்தால் போதாது. டிரான்ஸ்ஃபார்மரின் திறனும் எர்த்திங்கும் சேர்ந்தே உயர வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்புக் கதவையே சில வருடங்களில் தின்றுவிடும். துருப்பிடிக்காத உறை, மேற்கூரை, மாதாந்திரப் பராமரிப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பழுதான சார்ஜர், இல்லாத சார்ஜரைவிட மோசம். அதை நம்பி வந்தவர் குழந்தை குட்டிகளோடு நடுவழியில் நிற்பார்.

கூடங்குளம் அணுமின் நிலையமும் ஏராளமான காற்றாலைகளும் எங்கள் மாவட்டத்தில்தான் உள்ளன. பக்கத்துத் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மின்சாரமும் மின்காரும் உருவாகும் இப்பகுதியில் சார்ஜரும் இருக்க வேண்டாமா? எனவே உவரியில் கோயில், திருத்தல வாகன நிறுத்தங்களில் தலா ஒரு 60 கிலோவாட் நிலையமாவது அமைக்க மாவட்ட நிர்வாகமும் மின்வாரியமும் முன்வர வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், உவரி