கல்லுக்குக் கோடி, எழுத்துக்குக் கஞ்சத்தனமா?

கல்லும் தாரும் கொங்கிறீற்றும் மட்டும் சேர்ந்து வீதியொன்றை ஆக்கிவிடுவதில்லை. இவ்வழி எங்கே செல்கின்றது என்று, செல்வோனுக்குத் தெரிந்த மொழியில், அவன் கண்ணுக்கு எட்டும் அளவில், அவன் திரும்பவேண்டிய இடத்துக்கு முன்னதாகவே சொல்லும் பலகையும் சேர்ந்தபோதுதான் அது வீதியாகின்றது. இந்தச் சிறிய உண்மையை நம் நாட்டில் வீதி சமைப்போர் உணர்ந்திருக்கின்றனரா? உணர்ந்திருப்பின், வீதிக்குக் கோடி கோடியாய்க் கொட்டிவிட்டு, பலகையென்று வந்ததும் கை சுருங்குவது ஏன்?

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பர் 27இல் கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்டது. 2013இல் கட்டுநாயக்க நெடுஞ்சாலை வந்தது. கொட்டாவையிலிருந்து கெரவலப்பிட்டிய வரை கொழும்பை வளைத்துச் செல்லும் வெளிவட்ட நெடுஞ்சாலை 2014, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக நிறைவேறியது. தெற்கு நெடுஞ்சாலை 2020இல் அம்பாந்தோட்டையைத் தொட்டது. இவற்றுள் ஒன்றேனும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மண்ணை மிதிக்கவில்லை. அந்தக் கணக்கை வேறொரு நாளிற் பேசுவோம். இருக்கும் வீதியிலேனும் தமிழன் வழி தவறாது செல்ல முடியுமா என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி.

கேள்வி எழும் இடம் கடவத்தை. கண்டி வீதியும் வெளிவட்ட நெடுஞ்சாலையும் அங்கே ஒன்றையொன்று கடக்கின்றன. ஏறுபாதைகளும் இறங்குபாதைகளும் வளைந்து பிரிந்து சேரும் அந்த இடமாறலில் இன்றே நெரிசல் மிகுதி. நாளை அது இன்னும் பெருகும். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடவத்தையையும் மீரிகமவையும் இணைக்கும் 37 கிலோமீற்றர்ப் பகுதியோ, 2022இன் பொருளாதார நெருக்கடியால் நின்றுபோய், 2025இல் மீண்டும் வேலை கண்டது. அப்பகுதி முற்றுப்பெறும் நாளில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலுமிருந்து தம்புள்ளை வழியாக வரும் வாகனம் குருநாகலில் நெடுஞ்சாலை ஏறினால் நேரே கடவத்தையில் வந்து நிற்கும். வடக்கிலிருந்து வருவோனுக்குத் தலைநகரின் வாயில் இனிக் கடவத்தையே.

அவ்வாயிலில் நிகழக்கூடியதை எண்ணிப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு லொறியொன்று நள்ளிரவில் அங்கு வருகின்றது. அது சேரவேண்டிய இடம் பேலியகொடைச் சந்தை. 2020இல் புறக்கோட்டையிலிருந்து பெயர்ந்த மெனிங் சந்தை. நெடுஞ்சாலை வழியே செல்வதாயின், கெரவலப்பிட்டியப் பக்கம் திரும்பி, அங்கிருந்து கட்டுநாயக்க நெடுஞ்சாலையைப் பிடித்துப் பேலியகொடையில் இறங்கவேண்டும். பலகையைச் சாரதி வாசித்து முடிக்குமுன் பிரியுமிடம் வந்துவிடுகின்றது. லொறி கொட்டாவைப் பக்கம் போய்விடுகின்றது. இனி அவனுக்கு அடுத்த வாயில் கடுவெல. ஏறக்குறைய 9 கிலோமீற்றர். இறங்கிக் கட்டணம் செலுத்தி, மீண்டும் ஏறி, வந்த தூரம் திரும்பவேண்டும். எரிபொருளும் வீண், பொழுதும் வீண். மற்றை லொறிகள் சரக்கிறக்கிய பின்னர் வந்து சேர்பவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்கவில் விமானம் பிடிக்க விரையும் வைத்தியருக்கோ ஆசிரியருக்கோ நேரும் இழப்பும் இத்தகையதே.

பணமும் பொழுதும் போனால் போகட்டும் என்றே வைத்துக்கொள்வோம். உயிர்? வழியைத் தவறவிட்டதை உணர்ந்த சாரதி அந்தக் கணத்தில் என்ன செய்வான்? பிரேக்கை மிதிப்பான், குறுக்கே வெட்டுவான், துணிந்தவனாயின் பின்னோக்கியும் செலுத்துவான். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருபவனின் கதி யாது?

கணக்கையும் பார்த்துவிடுவோம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர். ஓர் அங்குல உயர எழுத்தை 30 அடித் தூரத்திலிருந்து வாசிக்கலாம் என்பது அமெரிக்க வீதிப் பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. இதன்படி 12 அங்குல எழுத்து 360 அடியில், அதாவது 110 மீற்றரில் புலப்படும். சாரதிக்குக் கிடைப்பது 4 விநாடியிலும் சற்றுக் குறைவு. தமிழ் எழுத்தை அதிற் பாதியாகச் சுருக்கினால் 2 விநாடி. இவ்விதியும் ஆங்கில எழுத்துக்கு வகுத்தது. கொம்பும் சுழியும் புள்ளியும் உடைய நம் எழுத்தைச் சுருக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். 'கெரவலப்பிட்டிய' என்னும் 9 எழுத்துச் சொல்லை இரவிலும் மழையிலும் 2 விநாடியில் வாசித்துவிடு என்று கட்டளையிடுவோர், தாம் ஒருமுறை லொறியின் ஆசனத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டுவார்களா?

பலகையில் தமிழே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மூன்று மொழிகளும் உண்டு. ஆயினும், பல இடங்களில் தமிழ் நெருக்கப்பட்டு, மெலிந்து, சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக நிற்பதுபோல் நிற்கின்றது. கர்ப்பிணித் 'தாய்மார்' இருக்கவேண்டிய பேருந்து ஆசனத்தின் மேல் 'நாய்மார்' என்று எழுதிய கொடுமையை நாடே கண்டது. தமிழறிந்த ஒருவர் கண்ணோட்டினால் ஒரு நொடியில் நீங்கியிருக்கும் பிழை அது. இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. 2008இல் வேல்சிலுள்ள சுவான்சியில், பார வாகனங்கள் நுழையக்கூடாது என்னும் ஆங்கில வாசகத்தின் கீழ், 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை' என்னும் பொருளுடைய வேல்சு வாசகத்தைப் பொறித்துவிட்டனர். மொழிபெயர்ப்பாளரின் தன்னியக்க மின்னஞ்சற் பதிலையே மொழிபெயர்ப்பென்று எண்ணிவிட்டனராம்! வாசிப்போனை நினையாது எழுதும் பலகை எங்கும் இப்படித்தான் முடியும்.

இந்நாட்டில் வீதியும் எழுத்தும் மோதியது புதிதன்று. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் ஏறிய சிங்கள 'ஸ்ரீ' எழுத்து எத்தகைய கசப்பை விளைத்தது என்பதை முதியோர் மறந்திரார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் தள்ளிவைத்த தமிழை, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அரசகரும மொழியாக ஏற்றது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், அதனைக் காப்பதற்கு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவையும் அமைத்தது. ஏட்டில் ஏறிய உரிமை வீதியில் வாசிக்க முடியாதிருப்பின் அவ்வுரிமையால் யாருக்கு என்ன பயன்?

மூன்று மொழிகளைப் பெரிதாக எழுதினால் பலகை நிரம்பிவிடும் என்பர் சிலர். ஊர்ப்பெயர்களைக் குறையுங்கள், மொழியைக் குறையாதீர்கள். ஒரே பலகையில் ஐந்து ஊர்களை அடுக்குவதை விடுத்து, இரண்டிரண்டாகப் பிரித்துப் பல பலகைகளில் எழுதுங்கள். கையிலுள்ள தொலைபேசி வழி காட்டுமே என்பர் வேறு சிலர். வீதிக்கு மேல் வீதி செல்லும் இடத்தில் அதுவும் தடுமாறும்; அதனைப் பார்க்கக் குனியும் கண் வீதியை விட்டு விலகும். பலகை வேலை கடைசியிற் பார்க்கவேண்டியது என்பர் ஒப்பந்தக்காரர். பிரித்தானியா தன் முதல் மோட்டார் நெடுஞ்சாலையை 1958இல் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, பலகையின் எழுத்தையும் அமைப்பையும் வகுக்கத் தனியாக ஒரு குழுவை நியமித்திருந்தது. கடைசி வேலையென்று அது ஒதுக்கவில்லை.

குறையை அரசின் தலையில் மட்டும் சுமத்தி நாம் ஒதுங்கிக்கொள்வதும் நேர்மையாகாது. மேடையில் மொழியுரிமை முழங்கும் நம் பிரதிநிதிகளுள், கடவத்தை வரைபடத்தைக் காட்டுங்கள் என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்டவர் எத்தனை பேர்? அரச பணியிலுள்ள தமிழ்ப் பொறியியலாளர், தவறான எழுத்தைக் கண்டும் நமக்கேன் வம்பென்று கையொப்பமிடுவது தகுமா? வழி தவறிய லொறிக்காரனும் தன் விதியை நொந்துகொண்டு போகின்றானேயன்றி, ஒரு முறைப்பாடு எழுதுகின்றானா?

நாம் கேட்பவை இவை:

1. மூன்று மொழி எழுத்துக்களும் ஒரே உயரத்தில், ஒரே தெளிவில் அமைதல் வேண்டும்.

2. பிரியுமிடத்துக்கு 2 கிலோமீற்றர், 1 கிலோமீற்றர், 500 மீற்றர் முன்பாக அறிவிப்புப் பலகைகள் நிற்றல் வேண்டும். அவை இரவிலும் மழையிலும் ஒளி திருப்பிக் காட்டல் வேண்டும்.

3. வாயிலின் எண்ணும் அம்புக்குறியும் எம்மொழியாரும் அறியும்வண்ணம் பெரிதாய் இருத்தல் வேண்டும். எந்த நிரலில் செல்லவேண்டும் என்பதை வீதித் தளத்திலும் தீட்டல் வேண்டும்.

4. ஏறுபாதை, இறங்குபாதைகளின் நீளத்தைச் சிறு காரை வைத்து அளவிடலாகாது. முழுச் சுமையோடு வரும் லொறி வேகம் குறைப்பதற்கும், வேகம் பெற்று இணைவதற்கும் போதிய தூரம் விடல் வேண்டும்.

5. தமிழ் வாசகத்தைத் தமிழறிந்தோர் பொறிக்குமுன் ஒருமுறையும், நாட்டியபின் இரவில் சாரதிகளை அழைத்துச் சென்று இன்னொருமுறையும் சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் தமிழனுக்கு மட்டும் பயன்படுவதன்று. தெளிவான பலகையும் நீண்ட பாதையும் மாத்தறைச் சிங்களவரையும் புத்தளத்து முஸ்லிமையும் சேர்த்தே காக்கும். எவர் பங்கையும் பறித்து நமக்குத் தருமாறு நாம் கேட்கவில்லை. கட்டணத்தை எல்லோரிடமும் ஒரே அளவில் அறவிடுவோர், வழியையும் எல்லோருக்கும் ஒரே அளவில் காட்டட்டும்.

கொங்கிறீற்று இறுகிய பின் கூக்குரலிட்டுப் பயனில்லை. பாதைகள் வளையும் இந்நாளே பேசவேண்டிய நாள். விவசாயச் சங்கங்களும் லொறி உரிமையாளரும் ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் இன்றே எழுதுங்கள். கண்ட பிழையை, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து எழுதுங்கள். பதில் வராவிடின் மீண்டும் எழுதுங்கள். அவர்கள் பலகையில் நம் எழுத்து பெரிதாகவேண்டுமாயின், முதலில் அவர்கள் மேசையில் நம் கடிதம் குவியவேண்டும்.