மறைப்பது வேறு, அகற்றுவது வேறு!



சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஆற்றிலே முழுகி எழுகிறார் தச்சநல்லூர்த் தோழர். தலையிலிருந்த எண்ணெய் எங்கே போயிற்று? மாயமாய் மறைந்தா விட்டது? இல்லை! நுரையோடு நுரையாக அடுத்த படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணூரைப் பாருங்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கரிய எண்ணெய் கரையெங்கும் படிந்தது. முதலில், பெரிய கசிவு இல்லை என்றார்கள்! பிறகு தொழிலாளரும் மீனவரும் மாணவரும் வாளி வாளியாக அள்ளினார்கள். பாடம் படித்தார்களா? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியபோதும், மீனவர் கையிலே இருந்தது அதே வாளி, அதே குவளை!

"ஏன் இந்தப் பாடு? இரசாயன மருந்து தெளித்தால் கரைந்துவிடுமே!" என்பார் உண்டு. அந்த மருந்து சீயக்காய்க்கு அண்ணன்தான். எண்ணெய்ப் படலத்தைச் சிறு துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்கும், நீரைவிட்டு வெளியேற்றாது. ஆழ்கடலிலே, புதிதாகக் கொட்டிய எண்ணெய்க்கு அது உதவும். அலை பரப்பும், நுண்ணுயிர் தின்னும், கரை தப்பும். மறுக்கவில்லை. ஆனால் இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் ஆழமற்ற கழிமுகத்திலா தெளிப்பது? தார்போல் கெட்டித்த எண்ணெயின் மீதா தெளிப்பது?

1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் கப்பல் உடைந்தது. ஏறத்தாழ 10,000 டன் மருந்தைக் கொட்டினார்கள். எண்ணெயைவிட மருந்தே பாறைச் சிப்பிகளையும் நத்தைகளையும் அதிகமாகக் கொன்றது. மருந்து படாத பாறைகள் சில ஆண்டுகளில் தேறின. பட்டவை தேறப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. இன்றைய மருந்திலே நஞ்சு குறைவு. ஆனால் அது செய்யும் வேலை அதே வேலை!

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க்குக் கணக்கில்லை, கணக்கில்லையேல் இழப்பீடில்லை. மருந்து யாரைக் காக்கிறது என்பது புரிகிறதல்லவா?

எண்ணூர் எங்கோ இருக்கிறது என்று எண்ணாதீர். நம் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அதற்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகம். எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலியும், வழித்தெடுக்கும் எந்திரமும் அங்கே ஆயத்தமாக உள்ளனவா? அள்ளும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் முழுக்கூலியும் உண்டா? கொட்டியவன் செலவைக் கட்டுவானா? கடல் கறுத்த பிறகல்ல, இன்றே கேட்போம்!