கம்பளையின் பளிங்கு மாளிகை

சென்ற வாரம் பத்தியாளருக்கு எரிச்சல் மூண்ட இடம், கண்டி போகம்பறை மைதானத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்து மேசையில் ஓர் இளைஞன். சிவப்பும் நீலமுமாக ஒரு ஜேர்சி, நெஞ்சில் கழுகு. லண்டன் கிறிஸ்டல் பேலஸ் காற்பந்து அணியின் சட்டை. பிளேன்டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், அந்த அணியின் பின்வரிசை பற்றி நண்பனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். ஊர் எது என்று கேட்டதற்குக் கம்பளை என்றான்.

“அப்ப நம்ம கிறிஸ்டல் பேலஸ் எப்படி ஆடுது?”

“நம்மளா? கம்பளையில அப்படி ஒரு டீம் இருக்கா அண்ணே?”

இருக்கிறது. கம்பளை கிறிஸ்டல் பேலஸ், இலங்கையின் சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய கழகம். பதினான்காம் நூற்றாண்டில் அரசர்களின் தலைநகராக இருந்த ஊர், இருபதாம் நூற்றாண்டு லண்டன் கழகம் ஒன்றின் பெயரோடு நாடு முழுவதும் போய் ஆடி வந்திருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்கே அது செய்தியாகப் போய்விட்டது.

உண்மையில் இந்த வாரம் எழுத நினைத்தது சம்பியன்ஸ் லீக்கைப் பற்றித்தான். 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் தொடங்கும்வரை நாட்டின் முதல்தரப் போட்டி அதுவே. பத்துக் கழகங்களைப் பொறுக்கி எடுத்துத் தொழில்முறை லீக் ஒன்றை மேலே வைத்ததும், அது ஒரு படி கீழே இறங்கியது. அந்தப் பத்தில் களுத்துறையின் புளூ ஸ்டார் இருந்தது. முதல் கிண்ணமும் அதற்கே கிடைத்தது. கொட்டாஞ்சேனையின் ரட்ணம் இருந்தது, முப்படைகளின் அணிகள் மூன்றும் இருந்தன. கண்டி மாவட்டத்துக்கு ஓர் இடம்: நாவலப்பிட்டியின் அப்கன்றி லயன்ஸ். கம்பளைக்கு இடமில்லை. பிறகு 2023 ஜனவரியில் பீபா இலங்கையையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. மேல்மாடியே ஆடினால் கீழ்மாடியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பத்தியாளரின் மனம் பெயரில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் தர லீக்குக்குச் ‘சம்பியன்ஸ் லீக்’ என்று பெயர்! இது நம்முடைய நோய் மட்டுமல்ல. இங்கிலாந்தின் இரண்டாம் தரத்துக்கு 1992 முதல் ‘முதலாம் பிரிவு’ என்று பெயர் இருந்தது. 2004இல் அதையும் மாற்றிச் ‘சம்பியன்ஷிப்’ ஆக்கினார்கள். இந்தியாவில் ஐ-லீக் 2022-23 பருவத்தில் இரண்டாம் தரமானது. பெயர் உடனே மாறவில்லை. ஜெர்மன்காரர் மட்டும் 1974இலிருந்து ‘இரண்டாவது புண்டஸ்லிகா’ என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அதைச் சொல்வதால் அங்கே கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெயர் என்று வந்தபின் ‘கிறிஸ்டல் பேலஸ்’ என்ற அந்தப் பளிங்கு மாளிகையைத் தாண்டிப் போக முடியுமா? அதைக் கட்டியவர் கட்டடக் கலைஞரே அல்ல, தோட்டக்காரர். ஜோசப் பக்ஸ்டன் என்பவர் சாட்ஸ்வத் மாளிகைத் தோட்டத்தில் 1849இல் அமேசன் காட்டின் இராட்சத அல்லியைப் பூக்க வைத்தார். அதன் இலையில் தன் சின்ன மகளை நிற்க வைத்துப் பார்த்தார், இலை அமிழவில்லை. இலையின் அடிப்புறத்து நரம்புகள் பாரத்தைப் பகிர்ந்து தாங்கும் விதத்தைக் கண்டு, 1851 பெரும் கண்காட்சிக்கு இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மண்டபம் வரைந்து கொடுத்தார். கண்காட்சி முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய் 1854இல் தெற்கு லண்டனின் சிடன்ஹாம் மேட்டில் மறுபடி பூட்டினார்கள். கம்பளையிலிருந்து கண்டிக்கு வருகிறவர் பேராதனைப் பூங்காவைக் கடந்துதான் வருகிறார். செடி வளர்க்கும் ஒருவருடைய கண்ணில் பிறந்த பெயர் அந்த வழியில் பயணிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

லண்டன் கழகம் 1905இல் பிறந்தது. அந்த மாளிகை வளாகத்துக்குள் இருந்த மைதானத்தில் பத்தாண்டுகள் ஆடியது. முதலாம் உலகப் போரில் கடற்படை நிர்வாகம் வளாகத்தை எடுத்துக்கொண்டதும் வெளியே வந்தது. 1924இல் செல்ஹேர்ஸ்ட் பார்க் என்ற சொந்த மைதானத்துக்குப் போனது. 1936இல் மாளிகை எரிந்தே போனது, கழகம் மிஞ்சியது. பல பருவங்கள் இரண்டாம் தரத்தில் கிடந்தும் அழியவில்லை. 2013 மே மாதம் வெம்பிளியில் வட்பேர்ட் அணிக்கு எதிராக, 39 வயது கெவின் பிலிப்ஸ் மேலதிக நேரத்தில் அடித்த பெனால்டி அதை மேலே ஏற்றியது. 2025இல் மன்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி எப்.ஏ. கிண்ணத்தையும் எடுத்தது. மாளிகை போனபின்னும் அந்தக் கழகம் நின்றதற்குக் காரணம், பருவம் முழுக்க வாரம் விட்டு வாரம் அதே மைதானத்தில், அதே சனங்களின் முன்னால் ஆடியதுதான்.

நாவலப்பிட்டிச் சிங்கங்களுக்கு 2021 சுப்பர் லீக்கில் அது வாய்க்கவில்லை. கொரோனா காலம், ஆட்டங்கள் கொழும்பில் நடந்தன. அந்த ஆண்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் நடத்துவது இலகு என்பதைச் சம்மேளனங்கள் ஒருமுறை பழகிவிட்டால் மறப்பதில்லை.

கண்டி நகரமோ முட்டைப் பந்தின், அதாவது றக்பியின், பக்தன். ஆனால் அதனிடம் கற்க ஒன்று உண்டு. றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயத்துக்கு ஒரு சுற்று கொழும்பில் என்றால் ஒரு சுற்று கண்டியில். ஊருக்கு ஓர் ஆட்டம் என்ற அந்தச் சின்ன ஒழுங்குதான் தலைமுறைகளை மைதானத்துக்கு இழுத்து வந்தது. பாடசாலைப் பையன்களுக்கு முடிந்தது தேசிய லீக்குக்கு முடியாதா?

ஆகவே காற்பந்துச் சம்மேளனத்துக்கு இந்தப் பத்தியின் கோரிக்கைகள் இரண்டு. இரண்டாம் தர லீக்கை இரண்டாம் தர லீக் என்றே அழையுங்கள். கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் பாதி ஆட்டங்களைச் சொந்த ஊரில் கொடுத்து, அட்டவணையைப் பருவம் தொடங்க முன்னரே கம்பளை பஸ் நிலையத்திலும் நாவலப்பிட்டி ரயில் நிலையத்திலும் ஒட்டுங்கள். பசைச் செலவைப் பத்தியாளர் ஏற்கிறார்.