தேயிலை இறங்கி வந்த கம்பிப்பாதை

கேள்வி: ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிப் போகிறவள் நான். எனக்கு மலை என்றாலே வேலைதான். முழுப்பரீட்சை லீவில் எங்காவது கூட்டிப்போகச் சொல்கிறார்கள் பிள்ளைகள். சுருளி, கும்பக்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெரியவன் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, கூட்டாளிகளோடு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன் என்று நிற்கிறான். விடலாமா? கறவை மாடு இருப்பதால் ராத்தங்க முடியாது.
– ஒரு வாசகி, ராசிங்காபுரம்

பதில்: முதலில் பெரியவன் விஷயம். இந்த லீவில் விடாதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் பற்றிய தீயை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களும் விவரம் தெரியாத பிள்ளைகள் இல்லை.

கோடையில் அந்தச் சரிவுகளில் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். சமதளத்தில் பிடிக்கும் தீ வேறு, சரிவில் பிடிக்கும் தீ வேறு. கீழே எரியும்போதே அதன் அனல் மேலே நிற்கும் புல்லைச் சூடாக்கிவிடும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். அதனால் ஏறி ஓடுகிற ஆளைவிட வேகமாகத் தீ ஏறும். வரப்பில் புல்லுக்குத் தீ வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வனத்துறை அனுமதியும் பாதை தெரிந்த வழிகாட்டியும் இல்லாமல் எந்த மாதத்திலும் அந்தக் காட்டுக்குள் போகக்கூடாது. நடந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், வனத்துறையே வழிகாட்டியோடு நடத்தும் மலையேற்றத்துக்குப் பதிவு செய்து, ஈரம் உள்ள மாதங்களில் போகட்டும்.

ஆனால் பையன் கேட்ட இடத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். நம் வட்டாரத்தில் அதைப்போல ஓர் இடம் இல்லை. அங்கே அருவியைவிடப் பெரிய கதை ஒன்று கிடக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை வெளியே போன வழி நம் போடிதான். 1902-ல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம், வண்டி சாயாதபடி தரையில் உருளும். இழுத்தது எஞ்சின் இல்லை, மாடு! பாரத்தைத் தண்டவாளம் தாங்கிக்கொண்டதால், மண் ரோட்டில் இழுக்க முடியாத சுமையை மாடுகள் இழுத்தன. 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதை போட்டார்கள்.

டாப் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்குமேல் செங்குத்துப் பள்ளம். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டருக்குக் கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் தொங்கவிட்டு, குரங்கணிக்குப் பக்கத்துக் கொட்டகுடியில் இறக்கினார்கள். மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். பெயர் வந்த விதம் இதுதான். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கு ரயில் 1928-ல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் வண்டிக்காரர்கள் இன்னும் வெகுதூரம் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தச் சரக்கு கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

1924-ல் பெய்த பேய்மழை மூணாறையே புரட்டிப் போட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். மலை ரயில் அதோடு போனது. பிறகு யாரும் அதை எடுத்துக் கட்டவில்லை.

இன்னொரு வேடிக்கை. டாப் ஸ்டேஷன் நம் தேனி மாவட்டத்து இடம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று கேரளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். தலைக்கு மேலே தெரிகிற இடத்துக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்!

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. லீவில் ஒருநாள் காலையில் பால் கறந்துவிட்டு, போடியிலிருந்து குரங்கணி பஸ் பிடியுங்கள். காட்டுக்குள் ஏற வேண்டாம். ஊருக்குள் நின்று மலையை அண்ணாந்து பாருங்கள். கம்பி எந்தப் பக்கம் இறங்கியது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வழியெல்லாம் மாந்தோப்பும் இலவ மரமும் பார்த்துக்கொண்டு மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம்.

மேலே போவதை அரைப்பரீட்சை லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்து, பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். காய் எடுப்பு நடக்கும் நேரம், ஒருநாள் கூலி போகும்தான். ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏறுகிற அதே மலையை, அந்த ஒருநாளாவது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்களேன். மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழைய ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. அங்கிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர்.

அன்று மாலைக் கறவைக்குத் திரும்ப முடியாது. பாலைக் கறக்காமல் மடியில் விட்டுவிடாதீர்கள், மடிநோய்க்கு அதுவே வழி. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, நாலு நாள் முன்பிருந்தே உங்களோடு நின்று அவரையும் கறக்கச் சொல்லுங்கள். கை பழகிவிட்டால் மாடு பாலை அடக்காது.