இணையத்தில் 'சிறந்த பாதை' எது? ரவுட்டர் பார்ப்பது வேகத்தை அல்ல

2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கிறதா? இரவு 9 மணி தாண்டியதும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. வைஃபையை அணைத்து அணைத்துப் போட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

அது ஹேக் இல்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை ஃபேஸ்புக்கின் உள் நெட்வொர்க்கைத் துண்டித்தது. உடனே அதன் டிஎன்எஸ் சர்வர்கள், 'எங்களிடம் வர இதுதான் வழி' என்று உலகத்துக்குச் சொல்லிவந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வழி தெரியாததால் சுமார் 6 மணி நேரம் யாராலும் உள்ளே போக முடியவில்லை.

இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டு. 'இந்த முகவரிகளுக்கு என் வழியா போகலாம்' என்று ஒன்று சொல்ல, பக்கத்து நெட்வொர்க் அதை அடுத்ததுக்குச் சொல்லும். இந்தப் பேச்சுக்கான விதிமுறைதான் பிஜிபி.

ஒரே இடத்துக்குப் பல வழிகள் வந்தால்? கூகுள் மேப் மாதிரி எங்கே நெரிசல் என்று பிஜிபி பார்ப்பதில்லை. முதலில் பார்ப்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் முன்னுரிமையை. பெரும்பாலும் அது காசுக் கணக்கு: பணம் தரும் வாடிக்கையாளர் வழி முதலில், நாம் பணம் கட்ட வேண்டிய வழி கடைசியில். அதில் சமம் என்றால்தான், எத்தனை நெட்வொர்க்குகளைத் தாண்டணும் என்று எண்ணிப் பார்க்கும். பக்கத்து ஊர் சர்வருக்குப் போகும் டேட்டா சில சமயம் வெளிநாடு சுற்றி வருவது இப்படித்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. குறுகலான முகவரித் தொகுதியை யார் அறிவிக்கிறாரோ, ரவுட்டர் அவர் பக்கமே போகும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபை நாட்டுக்குள் மட்டும் முடக்க நினைத்து அதன் 256 முகவரிகளைத் தன்னுடையதாக அறிவித்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்ததும், உலகின் யூடியூப் டிராஃபிக் பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. சுமார் 2 மணி நேரம் யூடியூப் காலி.

இந்தியாவும் விதிவிலக்கில்லை. 2021 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியாவின் நெட்வொர்க் ஒன்று, தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் அதிகமான முகவரித் தொகுதிகளைத் தன்னுடையதாகத் தவறுதலாக அறிவித்தது.

பொய் அறிவிப்பைப் பிடிக்க ஆர்பிகேஐ என்ற டிஜிட்டல் சான்று முறை வந்திருக்கிறது. ஆனால் முகவரியின் உரிமையாளர் யார் என்பதைத்தான் அது சரிபார்க்கும், நடுவில் சொல்லப்படும் பாதையை அல்ல. அதையும் ஒவ்வொரு நெட்வொர்க்கும் தானே முன்வந்து போட வேண்டும். உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் போட்டிருக்கிறதா என்று க்ளவுட்ஃப்ளேரின் 'இஸ் பிஜிபி சேஃப் யெட்' தளத்தில் ஒரே பட்டனில் பார்த்துவிடலாம்.